அப்பாயி எழுந்தால் விளக்கு எரியும்: பழைய லேப்டாப்பில் ஒரு வீட்டு ஆட்டோமேஷன் பாடம்

புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வந்து, டேபிளில் வைத்து, கனெக்‌ஷன் எல்லாம் கொடுத்து முடித்த பிறகு வீட்டில் எழும் முதல் கேள்வி, "பழையதை என்ன செய்வது?" என்பதுதான். எக்ஸ்சேஞ்சில் சொல்லும் விலையைக் கேட்டால் கொடுக்க மனம் வராது. கடைசியில் அது பரணுக்குப் போய்விடும். அப்படிப் பரணில் கிடக்கும் லேப்டாப் ஒன்றை எடுத்து, வீட்டு விளக்கைத் தானாக எரிய வைக்கும் வேலைக்கு அமர்த்துவது எப்படி என்று இந்தப் பாடத்தில் காணலாம். புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கிளிக் செய்யத் தெரிந்தால் போதும்.

எதற்காக இதைச் செய்தேன் என்பதை முதலில் சொல்லி விடுகிறேன். எனக்குச் சென்னையில் சாப்ட்வேர் வேலை. வீடு துறையூரில். அங்கே அப்பா, அம்மா, அப்பாயி மூவரும் இருக்கிறார்கள். அப்பாயிக்கு 79 வயது. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து பாத்ரூம் போவார். கட்டிலில் இருந்து சுவிட்ச் போர்டு ஐந்தடி தூரம். அந்த ஐந்தடியையும் இருட்டில் சுவரைத் தடவிக் கொண்டேதான் நடப்பார். ஒரு நாள் கால் இடறி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இரவு முழுவதும் விளக்கு எரியட்டும் என்றால், "விடிய விடிய லைட் எரிஞ்சா எனக்குத் தூக்கம் எப்படிப்பா வரும்?" என்பார். அதுவும் நியாயம்தான். அவர் காலைத் தரையில் வைத்ததும் விளக்கு எரிய வேண்டும், திரும்பி வந்து படுத்ததும் அணைய வேண்டும். தேவை இவ்வளவுதான்.

முதல் முயற்சி ஏன் தோற்றது?

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதைத்தான். ஒரு வை-பை பல்பும் அதே கம்பெனியின் சென்சாரும் வாங்கினேன். மொபைலில் அந்தக் கம்பெனியின் ஆப் போட்டு இரண்டையும் இணைத்தேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஊருக்குக் கிளம்பி வந்துவிட்டேன்.

இரண்டாம் நாளே போன் வந்தது, விளக்கு எரியவில்லை என்று. காரணம் என்ன தெரியுமா? படுக்கப் போகும்போது எல்லா சுவிட்சையும் ஆஃப் செய்வது அம்மாவின் முப்பது வருடப் பழக்கம். சுவரில் சுவிட்ச் ஆஃப் ஆனால் ஸ்மார்ட் பல்புக்கு மின்சாரமே கிடையாது. பிறகு அது எப்படி வேலை செய்யும்? அம்மா மேல் தப்பு இல்லை. சுவிட்ச் என்றால் அணைப்பதற்குத்தானே இருக்கிறது!

சரி, சுவிட்சின் மேல் டேப் ஒட்டியாயிற்று. அடுத்த மாதம் ஒரு மழை இரவில் இன்டர்நெட் கேபிள் அறுந்து போனது. அன்று இரவும் விளக்கு எரியவில்லை. இது என்ன கொடுமை! பல்பும் சென்சாரும் ஒரே வீட்டில், பத்தடி இடைவெளியில் இருக்கின்றன. இருந்தாலும் சென்சார் அனுப்பும் செய்தி ரூட்டர் வழியாக எங்கோ உள்ள அந்தக் கம்பெனியின் சர்வருக்குப் போய், அங்கிருந்து கட்டளை திரும்பி வந்த பிறகுதான் பல்பு எரியும். நடுவில் இணைப்பு அறுந்தால் எல்லாம் நின்றுவிடும். இதைத்தான் கிளவுட் என்று அழகாகச் சொல்கிறார்கள்.

இன்டர்நெட் அறுந்தால் நாலு மணி நேரத்தில் சரியாகிவிடும். கம்பெனியே கையை விரித்தால்? ரிவால்வ் என்று ஒரு வீட்டு ஆட்டோமேஷன் பெட்டி அமெரிக்காவில் 300 டாலருக்கு விற்றது. அந்தக் கம்பெனியை 2014-ல் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதத்தில் சர்வரை நிறுத்தி விட்டார்கள். வாங்கி வைத்திருந்தவர்களின் பெட்டி ஒரே நாளில் வெறும் பிளாஸ்டிக் ஆனது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பு இல்லாமலேயே நின்று போயின. பிறகு வாடிக்கையாளர்களில் சிலரே சேர்ந்து அதை வாங்கி மீண்டும் இயக்கினார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

ஆகவே இரண்டாவது முயற்சியில் ஒரு விதி வைத்துக் கொண்டேன். முடிவு எடுக்கும் மூளை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்த மூளைதான் பரணில் இருந்த லேப்டாப்.

என்னென்ன தேவை?

மூளைக்கான சாப்ட்வேரின் பெயர் ஹோம் அசிஸ்டன்ட். 2013-ல் பாலஸ் ஸ்கௌட்சன் என்பவர் தொடங்கியது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் இலவசம். பல நூறு கம்பெனிகளின் கருவிகளோடு பேசும்.

ஹார்ட்வேரில் முதலாவது, ஜிக்பீ யுஎஸ்பி டாங்கிள். பார்க்கப் பென் டிரைவ் போல ஆன்டெனாவுடன் இருக்கும். ஜிக்பீ என்பது வை-பை மாதிரியே ஒரு வயர்லெஸ் முறை. வேகம் குறைவு, ஆனால் மின்சாரச் செலவு மிக மிகக் குறைவு. அதனால்தான் ஜிக்பீ சென்சார் ஒரு காயின் பேட்டரியில் மாதக் கணக்கில் ஓடுகிறது. இதற்கு இன்டர்நெட்டும் வேண்டாம், ரூட்டரும் வேண்டாம்.

அடுத்து, இரண்டு மோஷன் சென்சார், ஒரு கதவு சென்சார். மூன்றும் ஜிக்பீ வகை. கதவு சென்சாரில் ஒரு காந்தமும் ஒரு சின்னப் பெட்டியும் இருக்கும். இரண்டும் விலகினால் கதவு திறந்தது என்று அர்த்தம். எளிமையான சமாச்சாரம், ஆனால் பொய் சொல்லாது.

கடைசியாக ஒரு ஸ்மார்ட் பிளக்கும், அதில் செருக ஒரு சின்ன எல்இடி விளக்கும். ஸ்மார்ட் பிளக் என்பது சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டில் அப்படியே செருகிக் கொள்வது. வயரைத் தொட வேண்டியதில்லை என்பதால் புதியவர்களுக்கு இதுவே பாதுகாப்பானது. நம் ஊர் உருண்டைப் பின்னுக்குப் பொருந்தும் ஜிக்பீ பிளக் கிடைப்பது கொஞ்சம் கஷ்டம். வை-பை பிளக் எளிதாகக் கிடைக்கும். அதையே வாங்கலாம், ஆனால் ஒன்றைப் பார்த்து வாங்க வேண்டும். ஹோம் அசிஸ்டன்ட் இணைய தளத்தில் இன்டகிரேஷன்ஸ் என்று ஒரு பட்டியல் உள்ளது. அதில் நீங்கள் வாங்க நினைக்கும் கம்பெனியின் பெயரைத் தேடுங்கள். அந்தப் பக்கத்தில் லோக்கல் புஷ், லோக்கல் போலிங், கிளவுட் போலிங் என்பது போன்ற ஏதாவது ஒன்று இருக்கும். லோக்கல் என்று தொடங்கினால் வாங்குங்கள். கிளவுட் என்று தொடங்கினால் கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம். அட்டைப் பெட்டியில் மேட்டர் என்ற முத்திரை இருந்தாலும் வாங்கலாம். 2022-ல் வெளியான பொதுத் தரம் அது. வீட்டுக்குள்ளேயே பேசிக் கொள்ளும் விதமாக அமைத்திருக்கிறார்கள்.

இது ஒரு புறமிருக்க, உங்களில் சிலர் கேட்கக் கூடும். இருட்டினால் தானாக எரியும் மலிவான நைட் லாம்ப் கடையில் கிடைக்கிறதே, அது போதாதா என்று. பல வீடுகளுக்குப் போதும்! உங்கள் வீட்டுப் பெரியவருக்கு விளக்கொளியில் தூக்கம் வருமென்றால் அதை வாங்கிச் செருகிவிட்டு இந்தப் பக்கத்தைத் தாண்டிச் செல்லுங்கள். நானும் பாத்ரூம் வாசலில் அப்படி ஒன்றை வைத்திருக்கிறேன். சென்சார் பேட்டரி தீர்ந்து போன இரவில் அதுதான் துணை.

லேப்டாப்பைத் தயார் செய்தல்

உங்கள் லேப்டாப் 64 பிட் பிராசஸர் உள்ளதாகவும், யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆவதாகவும் இருக்க வேண்டும். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்தவை பெரும்பாலும் அப்படித்தான். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று அடிப்பக்கத்தைப் பாருங்கள். உப்பியிருந்தால் கழற்றி விடுங்கள், இருபத்து நாலு மணி நேரமும் சார்ஜில் இருக்கப் போகிற இயந்திரம் இது.

எச்சரிக்கை: இனி செய்யப் போவதில் ஹார்ட் டிஸ்கில் உள்ளது அனைத்தும் அழிந்துவிடும். கல்யாண போட்டோ, ஸ்கேன் செய்த பத்திரம் எல்லாவற்றையும் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிய பின் தொடருங்கள்.

முதலில் புதுக் கம்ப்யூட்டரில் உபுண்டு சாப்ட்வேரை டவுன்லோட் செய்து, ஒரு பென் டிரைவில் பூட் ஆகும்படி ஏற்றிக் கொள்ளுங்கள். பலேனா எட்சர் என்ற இலவச புரோகிராம் இதைச் செய்து தரும். அடுத்து பழைய லேப்டாப்பின் பயாஸ் செட்டிங்ஸில் நுழைந்து செக்யூர் பூட் என்பதை ஆஃப் செய்யுங்கள். பென் டிரைவில் இருந்து பூட் செய்து, டிரை உபுண்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்ஸ்டால் செய்ய வேண்டாம், டிரை மட்டும்தான்.

இப்போது உபுண்டுவின் பிரவுசரில் ஹோம் அசிஸ்டன்ட் தளத்திற்குச் சென்று, ஜெனரிக் எக்ஸ்86-64 என்ற பிரிவில் உள்ள இமேஜ் பைலை டவுன்லோட் செய்யுங்கள். பிறகு டிஸ்க்ஸ் என்ற புரோகிராமைத் திறந்து, இடப்பக்கம் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, மெனுவில் ரீஸ்டோர் டிஸ்க் இமேஜ் என்பதைக் கிளிக் செய்து அந்தப் பைலைக் காட்டுங்கள். தவறிப்போய் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து விடாதீர்கள். நான் முதல் முறை அதைத்தான் செய்தேன்!

முடிந்ததும் ஷட் டவுன் செய்து, பென் டிரைவை எடுத்துவிட்டு, ரூட்டரில் இருந்து ஒரு லேன் கேபிளை லேப்டாப்பில் செருகி ஆன் செய்யுங்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடும். பயப்பட வேண்டாம். அந்தத் திரையை நாம் இனிமேல் பார்க்கப் போவதே இல்லை. புதுக் கம்ப்யூட்டரின் பிரவுசரைத் திறந்து, முகவரி இடத்தில் ஹோம்அசிஸ்டன்ட், புள்ளி, லோக்கல், முக்காற்புள்ளி, 8123 என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் டைப் செய்யுங்கள். பக்கம் தோன்றச் சற்று நேரம் எடுக்கலாம். யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். கொடுத்தால் உள்ளே நுழைந்து விடலாம்.

பழைய லேப்டாப் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச சாப்ட்வேரைப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டு, அதற்குள் ஹோம் அசிஸ்டன்டை ஓட விட்டுப் பழகலாம். இஎஃப்ஐ என்பதை டிக் செய்யவும், நெட்வொர்க்கில் பிரிட்ஜ்டு அடாப்டர் தேர்ந்தெடுக்கவும் மறக்காதீர்கள். ஆனால் இது பழகுவதற்கு மட்டுமே. கம்ப்யூட்டரை அணைத்தால் விளக்கின் மூளையும் அணைந்துவிடும் அல்லவா?

கரண்ட் பில் எவ்வளவு ஏறும் என்று அப்பா கேட்டார். கணக்கு இதோ. லேப்டாப் திரை அணைந்த நிலையில் சுமார் 15 வாட் எடுக்கிறது என்று வைத்துக் கொண்டால், ஒரு நாளைக்கு 360 வாட்-மணி, மாதத்திற்கு 10.8 யூனிட். இரண்டு மாத பில்லில் 22 யூனிட்டுக்குள். அதே வேலைக்கு 60 வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப்பை வைத்தால் மாதம் 43 யூனிட் ஓடும். எனவே டெஸ்க்டாப்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் வாங்கினால் இன்னும் குறையும், ஆனால் அது கைக்காசு.

சென்சார்களை இணைத்தல்

டாங்கிளை லேப்டாப்பில் நேராகச் செருகாதீர்கள். ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் செருகித் தள்ளி வையுங்கள். ஜிக்பீ 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது. யுஎஸ்பி 3.0 போர்ட் வெளியிடும் மின் இரைச்சலும் அந்தப் பக்கமே வந்து விழும். இந்த ஒரு கேபிள் இல்லாமல் எனக்கு இரண்டு ஞாயிற்றுக் கிழமைகள் வீணாகின. சென்சார் இணையும், மறுநாள் காணாமல் போகும். டாங்கிள் பழுது என்றே நினைத்திருந்தேன்.

செருகியதும் செட்டிங்ஸில் டிவைசஸ் பகுதிக்குச் சென்றால், புதிய கருவி கண்டுபிடிக்கப்பட்டதாக ஹோம் அசிஸ்டன்டே காட்டும். ஆட் என்பதைக் கிளிக் செய்து, ஜிக்பீ ஹோம் ஆட்டோமேஷன் என்பதைத் தேர்ந்தெடுத்து, கேட்பதற்கெல்லாம் ஓகே கொடுங்கள். அடுத்து ஆட் டிவைஸ் பட்டனை அழுத்திவிட்டு, சென்சாரில் உள்ள சிறு பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். சிலவற்றில் ஊசி நுழையும் அளவு துளைதான் இருக்கும். விளக்கு சிமிட்டும். சற்று நேரத்தில் திரையில் சென்சாரின் பெயர் தோன்றும். உடனே அதற்கு 'கட்டில்', 'நடை', 'கதவு' என்று உங்களுக்குப் புரியும் பெயர் வைத்து விடுங்கள். பிறகு வைக்கலாம் என்று விட்டால் எது எது என்று தெரியாமல் விழிப்பீர்கள். ஸ்மார்ட் பிளக்கை முதலில் அதன் ஆப் மூலம் வீட்டு வை-பையில் சேர்த்து, பின்னர் ஆட் இன்டகிரேஷன் மூலம் இங்கே சேர்க்க வேண்டும்.

சென்சாரை எங்கே மாட்டுவது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. மோஷன் சென்சார் அசைவைப் பார்ப்பதில்லை, வெப்பத்தைப் பார்க்கிறது. நம் உடம்பில் இருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் அதன் பார்வையில் ஒரு பட்டையில் இருந்து அடுத்த பட்டைக்கு மாறும்போது, "ஆள் நடமாட்டம்" என்கிறது. எனவே அதை நோக்கி நேராக நடந்து வருபவரை விட, அதன் குறுக்கே நடப்பவரைச் சட்டெனக் கண்டுபிடிக்கும். நடையில் உள்ள சென்சாரைப் பக்கச் சுவரில் மாட்டுங்கள், எதிர்ச் சுவரில் வேண்டாம்.

கட்டில் சென்சாரை முதலில் சுவரில் மாட்டினேன். அப்பாயி புரண்டு படுத்தாலே விளக்கு எரிந்தது. பிறகு கட்டிலின் கீழே, சட்டத்தின் உட்புறம், தரையைப் பார்த்தபடி ஒட்டினேன். இப்போது கால் தரையில் பட்டால் மட்டுமே எரிகிறது. பூனை வந்தாலும் எரியும், அதற்கு மருந்து இல்லை.

இன்னொரு விஷயம். இந்த சென்சார் பார்ப்பது உடம்புக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை. மே மாத இரவில் எங்கள் ஊரில் சுவரே கொதித்துக் கொண்டிருக்கும்போது அந்த வித்தியாசம் சுருங்கி விடுகிறது. டிசம்பரில் பத்தடியில் கண்டுபிடித்த சென்சார் மேயில் ஐந்தடியில்தான் கண்டுபிடித்தது. ஆகவே குளிர் காலத்தில் சோதித்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். தூரத்தைப் பாதியாக வைத்துக் கொள்ளுங்கள். ரேடார் முறையில் இயங்கும் புதுவகை சென்சார்களுக்கு இந்தக் குறை இல்லை, மூச்சு விடுவதைக் கூடக் கண்டுபிடிக்கும். ஆனால் பேன் காற்றில் ஆடும் திரைச் சீலையையும் ஆள் என்று சொல்லும், பெரும்பாலானவற்றுக்கு அடாப்டரும் எப்போதும் செருகியே இருக்க வேண்டும்.

ஆட்டோமேஷன் அமைத்தல்

செட்டிங்ஸில் ஆட்டோமேஷன்ஸ் அண்ட் சீன்ஸ் என்பதைத் திறந்து கிரியேட் ஆட்டோமேஷன் கிளிக் செய்யுங்கள். மூன்று பகுதிகள் கொண்ட பக்கம் தோன்றும். முதலாவது எப்போது, இரண்டாவது எந்த நிபந்தனையில், மூன்றாவது என்ன செய்ய வேண்டும்.

எப்போது என்ற பகுதியில் ஆட் டிரிக்கர் மூலம் மூன்றைச் சேருங்கள்: கட்டில் சென்சார் நடமாட்டம் கண்டால், நடை சென்சார் நடமாட்டம் கண்டால், பாத்ரூம் கதவு திறந்தால். நிபந்தனையில் டைம் என்பதைத் தேர்ந்தெடுத்து இரவு 9.30க்கு மேல், காலை 6.00க்குள் என்று கொடுங்கள். நள்ளிரவைத் தாண்டுவதை அதுவே புரிந்து கொள்ளும். செய்ய வேண்டியது: பிளக்கை ஆன் செய், ஐந்து நிமிடம் காத்திரு, பிளக்கை ஆஃப் செய்.

இப்போது சேவ் செய்து விடலாமா? பொறுங்கள். இங்கேதான் நான் பெரிய தவறு செய்தேன். விளைவு, அப்பாயி நடந்து கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது. விளக்கே இல்லாமல் இருப்பதை விட இது ஆபத்து. வெளிச்சத்தில் இருந்த கண் சட்டென்று இருட்டில் சிக்கிக் கொள்ளும்.

என்ன நடந்தது என்றால், ஆட்டோமேஷன் ஒருமுறை ஓடத் தொடங்கினால், அது முடியும் வரை வரும் புதிய டிரிக்கர்களைக் கண்டு கொள்ளாது. அதற்கு சிங்கிள் மோடு என்று பெயர், தானாக அமைந்திருப்பதும் அதுதான். 2.00 மணிக்குக் கட்டிலில் இருந்து எழுகிறார், ஐந்து நிமிட எண்ணிக்கை தொடங்குகிறது. 2.04க்கு பாத்ரூம் கதவைத் திறக்கிறார். அந்த டிரிக்கர் காதில் விழவில்லை. 2.05க்கு நடு நடையில் இருக்கும்போது விளக்கு அணைகிறது. மேலே மூன்று புள்ளி மெனுவைத் திறந்து, சேஞ்ச் மோடு என்பதில் ரீஸ்டார்ட் என்று மாற்றுங்கள். இனி ஒவ்வொரு புதிய டிரிக்கருக்கும் எண்ணிக்கை மீண்டும் முதலில் இருந்து தொடங்கும். கடைசி அசைவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் கழித்துத்தான் அணையும். இப்போது சேவ் செய்யுங்கள்.

அடுத்து சோதனை. இதை நீங்களே இருட்டில் நடந்து பார்க்க வேண்டும். ரூட்டரில் இருந்து இன்டர்நெட் கேபிளை மட்டும் பிடுங்கி விட்டு ஒருமுறை நடங்கள். விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் உங்கள் பிளக் கிளவுடை நம்பி இருக்கிறது, கடையில் திருப்பிக் கொடுங்கள். பிறகு மெயின் சுவிட்சை ஆஃப் செய்து இன்வெர்ட்டரில் ஒருமுறை நடங்கள். பல வீடுகளில் லைட், பேன் மட்டுமே இன்வெர்ட்டர் லைனில் இருக்கும், பிளக் பாயின்ட் இருக்காது. லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, ஆனால் ரூட்டரும் ஸ்மார்ட் பிளக்கும் இன்வெர்ட்டர் லைனில் உள்ள பாயின்ட்டில் இருந்தால்தான் கரண்ட் போன இரவிலும் விளக்கு எரியும். கரண்ட் போன இரவில்தானே அது அதிகம் தேவை!

சுவிட்ச் போர்டுக்குள் கை வைக்கலாமா?

சுவரில் உள்ள சுவிட்சின் பின்னால் வைக்கும் சிறிய ரிலே மாடியூல்கள் கிடைக்கின்றன. பழைய சுவிட்ச் அப்படியே இருக்கும், கையால் போட்டாலும் எரியும், கம்ப்யூட்டர் சொன்னாலும் எரியும். அம்மாவின் பழக்கத்தோடு சண்டை போடாத ஏற்பாடு என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நடையில் உள்ள டியூப் லைட்டுக்கு அதைத்தான் போட்டோம். ஆனால் நான் போடவில்லை, எலக்ட்ரீஷியன் போட்டார். பெரும்பாலான மாடியூல்களுக்கு நியூட்ரல் வயர் வேண்டும். சுவிட்ச் மட்டுமே உள்ள போர்டில் பல வீடுகளில் அது வந்திருக்காது. இன்ஜினியரிங் படித்தவன் என்றாலும், 230 வோல்ட்டில் அனுபவம் உள்ளவர் கைதான் நல்லது.

கீஸரை மட்டும் இப்படிப்பட்ட சின்ன மாடியூலிலோ பிளக்கிலோ இணைக்கவே கூடாது. 3,000 வாட் கீஸர் 13 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் ரிலே சூடாகி உருகிவிடும். தண்ணீர் மோட்டார் ஓடும்போது குறைவாக எடுத்தாலும், கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். அவற்றுக்கென்று கான்டாக்டர் வைத்துச் செய்யும் முறை தனி.

அப்பாயி கேட்ட கேள்வி

எல்லாம் நன்றாக ஓடிக் கொண்டிருந்தது. பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் ஹோம் அசிஸ்டன்டின் ஹிஸ்டரி பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எந்த சென்சார் எத்தனை மணிக்கு எத்தனை முறை விழித்தது என்று கோடு கோடாகக் காட்டும். பத்து நாள் கணக்கு அதில் இருக்கும்.

"என்ன அப்பாயி, ராத்திரி அஞ்சு தடவை எந்திரிச்சீங்க போல? உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டேன்.

காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நான் எந்திரிக்கிறதை எல்லாம் அந்தப் பெட்டி எழுதி வைக்குதா?"

ஆமாம் என்றேன்.

"வெளிச்சம் போடச் சொன்னேன். கணக்கு எழுதச் சொன்னேனாப்பா?"

எனக்குப் பதில் வரவில்லை. கேமரா வைக்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்து பெருமையாக இருந்தவன் நான். ஆனால் மோஷன் சென்சாரும் ஒரு வகையில் எட்டிப் பார்ப்பதுதான் என்பது தோன்றவே இல்லை. அன்றே கட்டில், நடை, கதவு மூன்று சென்சார்களும் பதிவேட்டில் சேராதபடி விலக்கி விட்டேன். கான்பிகரேஷன் பைலில் நாலைந்து வரிகள் சேர்க்க வேண்டும், ஹோம் அசிஸ்டன்ட் தளத்தில் ரெக்கார்டர் என்ற பக்கத்தில் விளக்கம் உள்ளது. பழைய கணக்கையும் அழித்துவிட்டு அவரிடம் காட்டினேன். சென்னையில் இருந்து வீட்டு சென்சார்களைப் பார்க்கும் வசதியும் நான் வைத்துக் கொள்ளவில்லை. நீங்களும் ரூட்டரில் போர்ட் திறந்து வெளியில் இருந்து நுழைய வழி செய்யாதீர்கள், நீங்கள் நுழையும் வழியில் மற்றவர்களும் நுழைவார்கள்.

ஒன்றை மட்டும் அவரிடம் கேட்டு வாங்கினேன். விழுந்து அசையாமல் கிடப்பவரை மோஷன் சென்சார் கண்டுபிடிக்காது. அசைவே இல்லையென்றால் அதைப் பொறுத்த வரை அங்கே ஆளே இல்லை. எங்கள் வீட்டில் பாத்ரூம் காலியாக இருந்தால் கதவு திறந்தே இருக்கும். எனவே இரவில் கதவு தொடர்ந்து 20 நிமிடம் மூடியிருந்தால் அம்மாவின் அறையில் இன்னொரு பிளக்கில் உள்ள விளக்கு எரியும்படி இரண்டாவது ஆட்டோமேஷன் அமைத்தேன். டிரிக்கரில் கதவு மூடினால் என்று கொடுத்து, கீழே ஃபார் என்ற கட்டத்தில் 20 நிமிடம் என்று நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். போனுக்கு மெசேஜ் அனுப்பும் வசதியும் இருக்கிறது, ஆனால் அதற்குப் பொதுவாக இன்டர்நெட் வேண்டும், அம்மா தூக்கத்தில் போனைப் பார்க்கவும் மாட்டார். கூடவே பாத்ரூமின் உட்பக்கத் தாழ்ப்பாளையும் கழற்றி விட்டோம். உள்ளே தாழ் போட்டிருந்தால் விளக்கு எரிந்து என்ன பயன்?

"இருபது நிமிஷம் சரி. அதுக்குக் கீழே யாரும் கதவைத் தட்டக் கூடாது" என்பது அப்பாயி போட்ட நிபந்தனை.

சென்சார்களின் பேட்டரி அளவு 20 சதவீதத்துக்குக் கீழே போனால் பகலில் அதே விளக்கு எரியும்படி மூன்றாவது ஒன்றும் வைத்திருக்கிறேன். லேப்டாப் ஹாலில் டிவி ஸ்டாண்டின் கீழ்த் தட்டில் இருக்கிறது. அதன் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அம்மா அயர்ன் பாக்ஸ் செருகியதில் ஒருநாள் பேட்டரி தீர்ந்து படுத்துவிட்டது. இப்போது அந்த பிளக்கின் மேல், "அப்பாயி லைட், பிடுங்காதீங்க" என்று அப்பா கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது.